அம்மோனியாவை அறிந்து கொள்வோம்



நம் இதழில் ஆலய தரிசனம், சமையல் குறிப்பு, சங்கச் செய்திகள் எல்லாம் வருகின்றன. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படும்படி ஓர் அறிவியல் பாடமும் வரட்டுமே என்று ஆசிரியர் குழுவினர் கேட்டுக் கொண்டார்கள். நான் வேதியியல் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து 1982-இல் ரயில்வேயில் வரைவாளராகச் சேர்ந்து, பொறியாளராக ஓய்வு பெற்றவன். ஆனால் ஒரே ஒரு ரசாயனத்தோடு ஏறக்குறைய இருபது வருடங்கள் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் செய்திருக்கிறேன். அதுதான் அம்மோனியா. பள்ளி ஆய்வுக்கூடத்திலும் வீட்டு அலமாரியிலும் சாலையில் போகும் டேங்கர் லாரியிலும் இருக்கும் பொருள் இது. ஆகவே அதையே முதல் பாடமாக எடுத்துக் கொள்கிறேன்.

சுண்ணாம்பின் உறவுக்காரர்

புளிப்புள்ள பொருள்களை அமிலம் என்கிறோம். அதற்கு நேர் எதிர்க் குணம் உடையது காரம். இது மிளகாய்க் காரம் அல்ல, வேதியியல் காரம். நம் வீட்டிலேயே நன்கு தெரிந்த காரம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறதல்லவா? அது காரத்தின் அடையாளம். மஞ்சள் தடவிக் காய வைத்த காகிதத்தைச் சற்று நனைத்து அம்மோனியா ஆவியில் காட்டினாலும் அதே செந்நிறம் வரும். சிவப்பு லிட்மஸ் நீலமாவதும் இதே காரணத்தால்தான்.

சுண்ணாம்பு கெட்டியான பொருள். அம்மோனியாவோ வாயு. ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. நிறம் கிடையாது. காற்றைவிட இலேசானது. தண்ணீர் என்றால் அதற்குக் கொள்ளை ஆசை: சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 700 லிட்டர் அம்மோனியா வாயுவைக் கரைத்துக் கொள்ளும். இந்தக் குணத்தை வாசகர்கள் நன்றாக நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். இதன் ஆபத்தும் அதிலிருந்துதான் வருகிறது. அந்த ஆபத்துக்கு மருந்தும் அதிலேயே இருக்கிறது.

ஆய்வுக்கூட பாட்டிலில் இருப்பது அம்மோனியா வாயுவைத் தண்ணீரில் கரைத்த கரைசல். கடைக்காரர்கள் லிக்கர் அம்மோனியா என்பார்கள். பெரும்பாலும் 25 முதல் 30 சதவீதம் வரை இருக்கும்.

நவச்சாரத்தின் புகை

முன்பெல்லாம் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் துருத்தி வைத்து ஊதுவார். பாத்திரம் சூடேறியதும் ஒரு வெள்ளைத் தூளைத் தூவுவார். குபுகுபுவென்று வெண்புகை எழும், மூக்கைத் துளைக்கும். அந்தத் தூள்தான் நவச்சாரம். வேதியியலில் அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாகவும் பிரிகிறது. அமிலம் பாத்திரத்தின் களிம்பை நீக்குகிறது. மேலே எழும்போது இரண்டும் குளிர்ந்து மறுபடி கூடி வெண்புகையாகின்றன. சால்ட் அனாலிசிஸ் செய்யும் பிள்ளைகள், அமிலத்தில் நனைத்த கண்ணாடிக் கோலை அம்மோனியா ஆவியில் காட்டிப் பார்க்கும் சோதனையும் இதே வெண்புகைதான்.

அம்மோனியா என்ற பெயர் எகிப்தியரின் அம்மோன் என்ற தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. வாயுவாகப் பிரித்துக் காட்டியவர் ஜோசப் பிரீஸ்ட்லி, ஆண்டு 1774. காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டே இதைச் செய்யலாம் என்று ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டு வந்தார். 1913-இல் ஓப்பா என்ற ஊரில் உற்பத்தி தொடங்கியது. நம் நாட்டில் சிந்திரி உரத் தொழிற்சாலை 1951-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று நாம் உண்ணும் சோற்றிலும் சப்பாத்தியிலும் யூரியா வழியாக அம்மோனியாவுக்குப் பங்கு உண்டு. ஆகவே இதைப் பகைவன் என்று சொல்ல மாட்டேன். மரியாதை கொடுத்துப் பழக வேண்டிய ஆள் என்பேன்.

வரைபட அறையில் கண்டது

ரயில்வே வரைபடப் பிரிவில் ஃபெர்ரோ பிரிண்டர் என்று ஒரு பதவி உண்டு. நாங்கள் டிரேசிங் தாளில் மையால் வரைந்து கொடுப்பதைப் பிரதி எடுப்பது அவர் வேலை. பழைய நாளில் நீலத் தாளில் வெள்ளைக் கோடு விழும் புளூ பிரிண்ட். பிறகு வந்தது அம்மோனியா பிரிண்ட். டையசோ என்ற பொருள் பூசிய தாளின் மேல் டிரேசிங்கை வைத்துக் கடும் வெளிச்சம் காட்டுவார்கள். கோடு இல்லாத இடங்களில் வெளிச்சம் பட்டு அந்தப் பொருள் சிதைந்துவிடும். கோட்டின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் அது மிஞ்சும். பின் அம்மோனியா ஆவி காட்டினால் அந்த இடம் நிறம் பெற்றுக் கோடு தெரியும். பெரிய அலுவலகங்களில் இதற்கு இயந்திரம் இருந்தது. சிறிய டிப்போக்களில் ஒரு நீண்ட மரப்பெட்டி. அடியில் ஒரு கிண்ணம் அம்மோனியா. உள்ளே தாளைச் சுருட்டி நிறுத்தி மூடிவிடுவார்கள்.

அந்த அறைக்குள் புதிதாக நுழைகிறவர் கண்ணைக் கசக்கிக் கொண்டு வெளியே ஓடி வருவார். ஃபெர்ரோ பிரிண்டரோ ஒன்றுமே இல்லாதது போல் உட்கார்ந்து டீ குடிப்பார். “சார், எனக்குப் பழகிப் போச்சு” என்பார். பழகியது அவர் மூக்கு மட்டும்தான்; நுரையீரல் பழகவில்லை. இரவெல்லாம் இருமுவதாக அவர் மனைவி என் இல்லாளிடம் சொல்லி வருந்தியதுண்டு. நெடுநேரம் ஒரே வாடையில் இருந்தால் மூக்கு மரத்துவிடும். ஆகவே “வாடை குறைந்துவிட்டது” என்று ஒருவர் சொன்னால், வெளியிலிருந்து வேறு ஒருவரை அழைத்துக் கேட்க வேண்டும்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

காற்றின் பத்து லட்சம் பங்கில் 5 முதல் 50 பங்கு அம்மோனியா இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். இது ஆளுக்கு ஆள் மாறும். எட்டு மணி நேர வேலையில் சராசரியாகப் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை வகுத்திருந்தது. குறுகிய நேரத்துக்கு 35 பங்கு வரை. 300 பங்கு என்பது உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாக அமெரிக்க நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள்.

உடலில் இது செய்வது என்ன? கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் எப்போதும் ஈரம் இருக்கிறது. தண்ணீரைத் தேடும் அம்மோனியா நேரே அங்கே போய்க் கரைந்து காரமாகிறது. கொஞ்சமாக இருந்தால் கண்ணீர், தும்மல், இருமல். அதிகமானால் தொண்டை வீங்கும், மூச்சுக்குழல் இறுகும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக் கொள்ளவும் கூடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிறிய அளவே பெரிய தொல்லை தரும்.

கண்ணைப் பொறுத்தவரை ஒரு முக்கியமான விஷயம். அமிலத்தைவிடக் காரம்தான் கண்ணுக்குக் கொடியது என்று கண் மருத்துவர்கள் சொல்வார்கள். அமிலம் மேல் தோலைக் கெட்டியாக்கித் தானே ஒரு தடுப்பு போட்டுக் கொள்ளும். காரம் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக் கொண்டு உள்ளே உள்ளே இறங்கும். வலி குறைந்துவிட்டதே என்று சும்மா இருந்தால், உள்ளே வேலை நடந்து கொண்டிருக்கும்.

விதர்ப வெயிலும் பாட்டில் மூடியும்

நம் நாக்பூர்ப் பக்கத்தில் மே மாதம் 45 டிகிரி என்பது புதிதல்ல. 25 சதவீத அம்மோனியாக் கரைசல் சுமார் 38 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். அதாவது, மின்விசிறி இல்லாத அறையில் வைத்த பாட்டில், அடுப்பில் வைத்து மூடிய பாத்திரத்துக்குச் சமானம். உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். மூடியைத் திருகியதும் சோடா பாட்டில் போலப் பொங்கி முகத்தில் அடிக்கும்.

பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் இப்படித்தான் நடந்தது, பெயர் வேண்டாம். கோடைக்காலம். வராந்தாவில் வெயில்பட வைத்திருந்த ஐந்து லிட்டர் கேனை ஒரு கலாசி குறடால் திருகித் திறந்தார். கரைசல் பீறிட்டு முகத்தில் பட்டது. ஒருவர் “எலுமிச்சம்பழம் கொண்டு வா, காரத்தை அமிலம் முறிக்கும்” என்று கத்தினார். நல்ல வேளையாக எங்கள் மூத்த சார்ஜ்மேன் அதைக் காதில் வாங்கவில்லை. கலாசியைக் கீழே படுக்க வைத்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக் கொண்டு, குடிநீர்ப் பானையிலிருந்து டம்ளர் டம்ளராக ஊற்றச் சொன்னார். பானை தீர்ந்ததும் குழாயடிக்கு அழைத்துப் போனோம். கடிகாரம் பார்த்து அரை மணி நேரம். பிறகுதான் மருத்துவமனை. “இங்கே வந்த பிறகு நான் செய்ததைவிட, நீங்கள் அங்கேயே ஊற்றிய தண்ணீர்தான் பார்வையைக் காப்பாற்றியது” என்று மருத்துவர் சொன்னார். அந்தக் கலாசி பின்னர் முழுச் சேவையும் முடித்து ஓய்வு பெற்றார்.

ஆய்வுக்கூடத்தில் கைக்கொள்ள வேண்டியவை

1. பாட்டிலைக் குளிர்ந்த, நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில், கண் மட்டத்துக்குக் கீழே உள்ள தட்டில் வைக்க வேண்டும். பெயர்ச் சீட்டு அழிந்த பாட்டிலைப் பயன்படுத்தவே கூடாது.

2. கோடையில் திறக்குமுன் பாட்டிலைச் சிறிது நேரம் குளிர்ந்த நீரில் நிறுத்த வேண்டும். மூடி மேல் ஈரத்துணி போட்டு, முகத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து, மெல்லத் திறக்க வேண்டும். புகை இழுக்கும் கூண்டு இருந்தால் அதற்குள் திறப்பது உத்தமம்.

3. பக்கங்கள் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அவசியம். பவர் கண்ணாடி போட்டிருக்கிறேனே என்று சொல்வது போதாது.

4. பாட்டில் வாயில் மூக்கை வைத்து முகரக் கூடாது. தள்ளிப் பிடித்துக் கையால் சிறிது ஆவியை விசிறி முகர்வதுதான் முறை.

5. பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது.

6. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பக்கத்தில் வைக்கக் கூடாது. இரண்டு ஆவியும் கலந்து அலமாரி முழுவதும் வெண்படலம் படியும்.

7. ஆல்டிஹைடுச் சோதனையில் குழாயில் வெள்ளிக் கண்ணாடி உண்டாக்குவீர்கள். அதற்கான வெள்ளி நைட்ரேட்–அம்மோனியாக் கரைசலை அவ்வப்போதுதான் தயாரிக்க வேண்டும். மீதியை “நாளைக்கு ஆகும்” என்று வைத்தால் வெடிக்கும் பொருள் உண்டாகும். அன்றே ஆசிரியரிடம் ஒப்படைத்து அழித்துவிட வேண்டும். அயோடின், பாதரசம் ஆகியவற்றோடும் அம்மோனியாவைச் சேர்த்து விளையாடக் கூடாது; இதே ஆபத்துதான்.

8. பித்தளைத் தராசு, செம்புக் கருவிகள் அருகில் வைக்கக் கூடாது.

கடைசி விதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் ராணுவத்தார் பித்தளைத் தோட்டா உறைகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் உறைகள் விரிசல் விட்டிருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், உறையை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. உறையைச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்தியதும் தொல்லை நின்றது. பருவ விரிசல் என்று இன்றும் உலோகவியல் பாடத்தில் இதைச் சொல்கிறார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது

இல்லத்தரசிகளும், வீட்டு வேலையில் பங்கு கொள்ளும் ஆண்களும் இந்தப் பகுதியை ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டுகிறேன். சில கண்ணாடி துடைக்கும் திரவங்களிலும் சில தலைமுடிச் சாயங்களிலும் அம்மோனியா இருக்கிறது. இவற்றைத் தனியாக, ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்தினால் பெரிய பயம் இல்லை. பிளீச்சிங் பவுடரோடும் பிளீச் திரவத்தோடும் சேர்ப்பதுதான் விபரீதம். அப்போது குளோரமைன் என்ற வாயு உண்டாகிறது. கண்ணையும் நெஞ்சையும் தாக்குவதில் அது அம்மோனியாவுக்கு இளைத்ததல்ல.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு வருடம் மண்டபத்தைச் சுத்தம் செய்தபோது, பல நாள் பூட்டிக் கிடந்த கழிப்பறையில் இரு சகோதரிகள் தண்ணீர் ஊற்றாமலே பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்தார்கள். கதவும் சாத்தியிருந்தது. தேங்கிய சிறுநீரிலும் அம்மோனியா உண்டு. ஐந்து நிமிடத்தில் இருவரும் இருமிக் கொண்டு வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு வீசிங் உண்டு. அன்று மாலை மருத்துவமனையில் மருந்துப் புகை பிடித்த பிறகே மூச்சு சீரானது. முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பிறகு பவுடர் போட்டிருந்தால் இந்தத் துன்பம் இல்லை. கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும் என்பதையும் இத்துடன் சொல்லி வைக்கிறேன். ஒரு சமயத்தில் ஒரு மருந்து, இடையில் தண்ணீர். இதுவே சூத்திரம்.

வீட்டு ஃபிரிட்ஜில் அம்மோனியா இருக்குமோ என்று சிலர் கேட்பதுண்டு. நாம் வாங்கும் சாதாரண கம்ப்ரசர் ஃபிரிட்ஜில் இல்லை. ஐஸ் ஃபேக்டரியிலும், உருளைக்கிழங்கு, மிளகாய் வைக்கும் கோல்டு ஸ்டோரேஜிலும் உண்டு. அங்கு வேலை பார்க்கும் நம்மவர்கள் வெளியேறும் வழியைக் கண்ணை மூடிக் கொண்டும் நடக்கும் அளவுக்குத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலுதவி

கண்ணில் பட்டால்: அந்த நிமிடமே தண்ணீர். இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது இருபது முதல் முப்பது நிமிடம் மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவும்போதே எடுத்துவிட வேண்டும். எலுமிச்சை, வினிகர், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் கூடாது. பிறகு வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகள் கண்ணில் சுண்ணாம்பு டியூப் பீறிட்டாலும் இதே சிகிச்சைதான். சுண்ணாம்புத் துகள் இமைக்குள் ஒட்டியிருக்கும் என்பதால் தாமதமே கூடாது.

தோலில் பட்டால்: நனைந்த உடையைக் கழற்றிவிட்டு ஏராளமான தண்ணீரில் கழுவ வேண்டும்.

மூச்சில் போனால்: வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். அதிகமாகப் போயிருந்தால், இப்போது நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பது நல்லது.

விழுங்கிவிட்டால்: வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும்.

சாலையிலும் ஊரிலும்

அம்மோனியா லாரியிலும் ரயில் டேங்க் வேகனிலும் திரவமாகப் போகிறது. அழுத்தத்திலோ கடுங்குளிரிலோதான் அது திரவமாக நிற்கும். திறந்தவெளியில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். டேங்கரில் 1005 என்ற எண் எழுதியிருந்தால் உள்ளே இருப்பது தூய அம்மோனியா. 2672 என்றால் கரைசல். அப்படிப்பட்ட வண்டி கவிழ்ந்து கிடந்தால் வேடிக்கை பார்க்கவோ செல்போனில் படம் பிடிக்கவோ கிட்டே போகாதீர்கள். வாயு இலேசானதுதான் என்றாலும், சிந்தியவுடன் கடுங்குளிராக இருப்பதால் வெண்மூடுபனி போலத் தரையோடு தவழும்.

2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு, சென்னை எண்ணூரில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பக்கம் உறவினர்கள் உள்ளவர்கள் நம்மிடையேயும் இருக்கக்கூடும். இத்தகைய நேரத்தில் செய்ய வேண்டியது இதுதான். காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக நடந்து வாயு வரும் பாதையிலிருந்து விலக வேண்டும். நனைத்த துண்டால் மூக்கையும் வாயையும் மூடிக் கொண்டால் தண்ணீர் அம்மோனியாவை ஓரளவு பிடித்துக் கொள்ளும். ஆனால் அது தப்பிச் செல்வதற்கு மட்டுமே, உள்ளே நின்று வேலை செய்வதற்கு அல்ல. வெளியே வாயு சூழ்ந்துவிட்டால், கதவு ஜன்னல்களை அடைத்து இடுக்குகளில் ஈரத்துணி திணித்து, வீட்டுக்குள்ளேயே இருந்து 112-க்குத் தகவல் சொல்வது மேல்.

இளையோருக்கு ஐந்து கேள்விகள்

1. மஞ்சள் தடவிய ஈரக் காகிதத்தை அம்மோனியா ஆவியில் காட்டினால் என்ன நிறம்? ஏன்?
2. அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்கு ஏன் கொடியது?
3. கோடையில் பாட்டிலைத் திறக்குமுன் குளிர்ந்த நீரில் வைப்பது எதற்காக?
4. பழைய கழிப்பறையில் பிளீச்சிங் பவுடர் போடுமுன் செய்ய வேண்டியது என்ன?
5. ஈரத்துண்டு அம்மோனியாவை எப்படித் தடுக்கிறது? எதற்கு அது போதாது?

விடைகள் எல்லாம் மேலேயே இருக்கின்றன. பிள்ளைகள் தாங்களாகவே எழுதி, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும்போது என்னிடம் காட்டலாம். பெற்றோர்கள் அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள்: வீட்டில் கழிப்பறை அலமாரியைத் திறந்து, ஆசிட்டும் பிளீச்சும் கண்ணாடித் திரவமும் ஒரே தட்டில் நெருங்கி நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் தனித்தனியே பிரித்து, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அடுத்த இதழில் இன்வெர்ட்டர் பேட்டரி அமிலம் பற்றி எழுத எண்ணம். வணக்கம்.